வருடத்துக்கொரு கையெழுத்து

"இந்த வருசம் நான் வரமாட்டன்" என்றாள் ஸல்ஹா, மீனிலிருந்து தலை நிமிராமல்.

வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அகீல் பாதியில் நிறுத்தினான். "எங்க? கொழும்புக்கா?"

"ஓம். விசா கந்தோருக்கு."

"நீ வரலைன்னா கையெழுத்து யாரு போடுறது?"

அவள் மீனின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினாள். அகீல் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

அகீல் தமிழ்நாட்டுத் தொண்டிக்காரன். கத்தாரில் ஏசி திருத்தப் போன வீட்டில் கிண்ணியாப் பெண் ஸல்ஹாவைக் கண்டு, கல்யாணமும் முடித்து, ஒரு பெட்டியோடு அவள் பின்னால் வந்து சேர்ந்தவன். கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் விசாவில் இருப்பவர்கள்தான். ஆனால் மற்றவர்களை மனைவி துரத்தினால் அடுத்த தெருவில் உம்மா வீடு இருக்கிறது. அகீலின் உம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம்.

வருடா வருடம் ஸல்ஹா கூடவே வந்து, 'இவர் என் கணவர்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார்' என்று கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு அடுத்த வருடம் உண்டு. அதனாலேயே ஊரில் கேட்காமல் தேங்காய் துருவிக் கொடுக்கும் ஒரே மாப்பிள்ளை அவன். விசா முடியும் மாதம் நெருங்கினால் சட்டி பானையும் கழுவுவான். நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப் போட்டதும் உண்டு. அது துறைமுகத்தில் போட்ட கல். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

கொஞ்ச நாளாகவே ஸல்ஹா சரியில்லை. பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறாள். பிள்ளை இல்லாத வீட்டில் ஒருத்தி பேச்சை நிறுத்தினால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் மிச்சம். முந்தாநாள், "உங்கட உம்மாக்கு உங்களப் பார்க்க ஆசையா இரிக்கும், என்ன?" என்று கேட்டாள். நேற்று அவனுடைய பழைய பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, தூசு தட்டி, வெயிலில் வைத்தாள்.

இதற்கு மேலும் ஒருவனுக்கு விளக்கம் வேண்டுமா? தேநீரை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். அகீலுக்கு உயிர் போய்த் திரும்பியது. அவர் சோம்பல் முறித்துக் கொட்டாவி விட்டார்.

துறைமுக நகரத்து ஓர்ஸ் ஹில்லில் சட்டத்தரணி கீர்த்தனியின் அறைக்குள் அவன் நுழைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுடைய விசா விண்ணப்பங்களையெல்லாம் பார்ப்பவள் அவள்தான். அண்ணனுக்கு ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'நானா'வைத்தான் அவளும் அவனுக்குச் சொல்வாள்.

"வாங்க நானா, இருங்க. என்ன, காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குறீங்கள்?"

"மிஸ், ஒரு சந்தேகம். பொண்டாட்டி கையெழுத்துப் போட வரலைன்னா எத்தனை நாள்ல அனுப்புவாங்க?"

"ஆரை?"

"என்னைத்தான்."

கீர்த்தனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "வீட்டில சண்டையா?"

"சண்டைன்னா பரவாயில்லையே மிஸ். மன்னிப்புக் கேட்டுருவேன். எதுக்குன்னு தெரியாமலே ராத்திரி கேட்டும் பாத்துட்டேன். அழுதுட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

"வேற பொம்பிளை ஆரும்...?"

"மிஸ்! அதுக்கெல்லாம் தைரியம் வேணும்."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் புகைவிட்டபடி நின்றது. தன்னை ஏற்றிக்கொண்டு போகத்தான் காத்து நிற்கிறதோ? இரண்டு அதிகாரிகள் தன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நடக்க, கரையில் மாமனார் வீட்டார் வரிசையாக நின்று கையசைக்க, ஸல்ஹா மட்டும் திரும்பிப் பார்க்காமல் போவது போலத் தெரிந்தது.

"மிஸ், விசா போனாப் போகட்டும்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "ஊருக்கு அனுப்பினா அங்கயும் ரிப்பேருக்கு ஏசி இருக்கும். நான் பொழைச்சுக்குவேன். ஆனா, என்னை வேண்டாம்னு அவ முடிவு பண்ணிட்டாளா? அதை மட்டும் கேட்டுச் சொல்ல ஏலுமா?"

கீர்த்தனி அவனையே பார்த்தாள்.

"ஸல்ஹா உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்னது மிஸ்?" கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"போன கிழமை அவவுக்குத்தான் கோல் எடுத்தனான். உங்களுக்கு எடுத்தா நீங்கள் பயத்தில ஆன்சர் பண்ணுறேல்லையே. உடன வந்திட்டா. உங்கட நிரந்தர வதிவிடம் கிடைச்சிட்டுது நானா. இனி வருசா வருசம் அவ வந்து நிக்கத் தேவையில்லை."

அகீலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப... அப்ப ஏன் மிஸ் எங்கிட்ட மறைச்சா?"

"சந்தோசப்படுவா எண்டு பார்த்தால், ஒரே அழுகை" என்றாள் கீர்த்தனி. "என்னட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டவ: 'இனி என்ட கையெழுத்து தேவையில்லையெண்டா, அவர் என்னோட இரிப்பாரா மிஸ்?'"