நல்லாருக்கேன்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகும் நேரத்தில் சுவரில் அரசு மாட்டியிருந்த மதிப்பீட்டுக் கருவி பேசியது. வீட்டுப் பேச்சைக் கேட்டு இயலாமையை அளப்பது அதன் வேலை.

“செண்பகவல்லி, தொலைபேசியில் அடிக்கடி ‘நல்லாருக்கேன்’ என்று சொல்கிறீர்கள். இன்னொரு முறை பதிவானால் உங்கள் உதவித்தொகை நிறுத்தப்படும்.”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுய்யா.”

கருவி அதையும் பதிந்துகொண்டது. வீட்டு வாடகையே அந்தத் தொகையில்தான் போகிறது.

சிறு வயதில் போன கோவில்பட்டி மருத்துவ முகாம் அவள் நினைவுக்கு வந்தது. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

“எப்படிம்மா இருக்கே?” என்று சிறுமியிடம் கேட்டார் டாக்டர்.

“நல்லாருக்கேன் சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “காலையிலேர்ந்து எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?”

பிறகு குனிந்து அவளுடைய சூம்பிய காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் ஊனச் சான்றிதழில் கையெழுத்திட்டார். அந்தக் கையின் சூடு இன்னும் மறக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. மதுரையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கும் தங்கை கோமு.

“எக்கா, உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீ எப்படி இருக்கே?”

செண்பகவல்லி சுவரைப் பார்த்தாள்.

“என்னக்கா, பேசவே மாட்டேங்கிற? நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, நான் தைரியமா போயிருவேன்.”