வைப்பர் தண்ணி

"வண்டிய நிறுத்துப்பா!"

பின்சீட்டிலிருந்து ஆனந்தவல்லி போட்ட சத்தத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கார் குலுங்கி நின்றது.

உள்ளே சாராய வாடை குப்பென்று அடித்தது. ராஜபாளையத்தில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒரு லாரி சேற்றை வாரி அடித்தது. டிரைவர் சாம்சன் வைப்பரைப் போட்டுக் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் இந்த நாற்றம்.

"விடிஞ்சும் விடியாம குடிச்சிட்டா வந்திருக்க? தங்கமான டிரைவர்னுல்ல ஒங்க ஓனர் சொல்லி அனுப்புனாரு!"

"சத்தியமா இல்லக்கா. எங்க ஆண்டவர் மேல ஆணை."

"வாய ஊது."

ஊதினான். வாய் நாறுதா, வண்டி நாறுதா, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஆனந்தவல்லிக்குப் பயம் வந்துவிட்டது. வராதா பின்னே? ஊட்டியில் வாக்கப்பட்ட ஒரே மகள் ஈஸ்வரிக்கு ஏழு மாசம். நாளைக்கு வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வரணும். புள்ளத்தாச்சியை ஏற்றிக்கொண்டு இவன் கையை நம்பித்தான் அந்த மலையை இறங்கணும். தை மாசத்துப் பனியில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்குது என்று நேற்றுத்தான் மகள் போனில் சொன்னாள்.

முன்சீட்டில் அவள் வீட்டுக்காரர் சிவனாண்டி. ரிட்டயர்டு சுபேதார். இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் சும்மா விடுவாரா?

"ஏலே, மனுசனுக்கு ஒழுக்கம் வேணும்லே! பட்டாளத்துல கெடந்தவன் நான், குடிக்காத குடியா? போன புரட்டாசியில மலைப் பெருமாள் சன்னதியில சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுனேன். அம்புட்டுத்தான்! அன்னையிலருந்து என் வீட்டுக்குள்ள ஒரு பாட்டில் நுழைஞ்சிருக்கா? கேளு ஒங்க அக்காகிட்ட!"

சாம்சன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனந்தவல்லி போனைக் கையில் எடுத்துவிட்டாள். "ஒங்க ஓனருக்குப் போடுதேன். வேற டிரைவர் வரட்டும். இனி ஒனக்கு அந்த ஸ்டாண்டுல சோலி கிடையாது."

"அக்கா, செத்த நேரம் பொறுங்க. இறங்கி வந்து ஒண்ணப் பாருங்க. பொறவு எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க."

பானெட்டைத் தூக்கினான். ஓரத்தில் இருந்த வெள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, "மோந்து பாருங்க" என்றான்.

மோந்தாள். சீ! அதே வாடை.

"இது கண்ணாடியில பீச்சுற வைப்பர் தண்ணிக்கா. நம்ம ஊருல குழாத்தண்ணியப் பிடிச்சு, ஒரு ஷாம்பு பாக்கெட்ட வெட்டி ஊத்திட்டு ஓட்டுவோம். போன வருசம் தையில அதோடயே ஊட்டிக்குப் போயிட்டேன். காலையில பாத்தா டப்பா பூரா ஐஸு. மலை இறங்கையில முன்னால போன பஸ்ஸு சேத்த அடிச்சிட்டு. பீச்சுறேன், ஒரு சொட்டு வரல. வைப்பர் சேத்த இழுவி விட்டு, எதிர வார வண்டியே தெரியல. பள்ளத்துக்கு ஒரு முழந்தான்க்கா பாக்கி."

"ஆத்தாடி!"

"சரக்கக் கலந்தா உறையாதாம். பனியப் பத்தித் தெரிஞ்சவிய ஒருத்தவிய சொன்னாவ. இந்த தடவ வண்டியில புள்ளத்தாச்சியில்ல வாராவ? அதான் புதுப் பாட்டில் சீல உடைச்சு, பாதித் தண்ணியும் பாதி வோட்காவுமா கலந்து ஊத்துனேன். நெடி ஏ.சி. வழியா உள்ள வரும்னு கூறு இல்லாமப் போச்சு."

டிக்கியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தான். பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.

ஆனந்தவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

"என் மகளுக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க. ஒன்னப் போயி வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே, மனசுல வச்சுக்காதப்பா. இத யாரு வாங்குனது?"

"நாந்தான்க்கா. நேத்து கடையில வாங்குனேன்."

"சரி சரி, ஏறுங்க, நேரமாவுது" என்று சுபேதார் அவசரப்பட்டார்.

"பாட்டில எங்கிட்ட குடு. ஒங்கிட்ட இருந்தா வழியில போலீஸ்காரவிய ஒன்னத்தான் பிடிப்பாவ" என்று வாங்கிக்கொண்டாள் ஆனந்தவல்லி.

கார் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. வெயில் எட்டிப் பார்த்தது. மடியில் கிடந்த பாட்டிலைச் சும்மா திருப்பினாள் ஆனந்தவல்லி. ஓரத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'ராணுவத்தினருக்கு மட்டும்.'

சாம்சன் மீசை முளைத்த நாளிலிருந்து வாடகைக்கார் ஓட்டுகிறவன். பட்டாளத்துக் கேன்டீன் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். அப்போ இம்புட்டு ஏச்சையும் இந்தப் பிள்ளை யாருக்காக வாங்கிக் கட்டிக்கொண்டான்?

முன்சீட்டைப் பார்த்தாள். சுபேதார் மேற்கு மலையை அன்றைக்குத்தான் புதுசாய்ப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஏ.சி.யிலும் பிடரி வேர்த்திருந்தது.

வந்த ஆத்திரத்துக்கு ஒரு போடு போட்டிருப்பாள். ஆனால் சீல் உடைக்காத பாட்டில் என்றுதானே சாம்சன் சொன்னான்? மனுசன் ஒளித்து வைத்திருக்கிறார், ஆனால் குடிக்கவில்லை. மகளுக்கென்றதும் எடுத்துக் கொடுத்தும் இருக்கிறார். ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏப்பா சாம்சன்! ஊட்டிக்குப் போயிட்டு வார வரைக்கும் கண்ணாடிய நல்லாப் பீச்சிப் பீச்சித் தொடைப்பா. இதுல ஒரு சொட்டு என் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது!"