கோடில்லாத கோட்டு

கணவர் கோட்டுக்குப் பொத்தான் போடுவதை அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பல் நிறக் கோட்டு. அதே சாம்பலில் கால்சட்டை. கொஞ்சம் வெளுத்த சாம்பலில் சட்டை. டையும் சாம்பல்தான், பேருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கிளி பறக்கிற சட்டையும் அன்னாசிப்பழம் தொங்குகிற சட்டையுமாகத் திரிந்த மனுஷன். தூரத்திலேயே பார்த்துவிட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று பெருமை வேறு. சில மாதங்களாகச் சனிக்கிழமை காலையானால் மட்டும் மழைமேகம் மாதிரி ஆகிவிடுகிறார்.

"இவ்வளவு பவுசா எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா... வெளியில ஒரு வேலை." கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

சும்மா போகிறவர் எதற்கு ஷூவின் பளபளப்பை ஈரத்துணியால் தேய்த்து மங்க வைக்கிறார்?

அவளுக்கு உலர்சலவைக் கடையில் வேலை. வருகிற கோட்டுகளின் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். யார் காலரில் உதட்டுச் சாயம், யார் தோளில் நீளமுடி என்று பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. இந்த ஒரு கோட்டு மட்டும் அவள் கடைப்பக்கம் வந்ததே இல்லை. அவரே பிரஷ் போட்டு, அவரே இஸ்திரி போட்டு, அலமாரியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தார்.

முந்தின நாள் அவர் குளிக்கப் போன சமயத்தில் அதை எடுத்துப் பார்த்தாள். பையில் ஒன்றும் இல்லை. ஆனால் பொத்தான்கள் மாறியிருந்தன. மினுங்குகிற உலோகப் பொத்தான்கள் போய், சாம்பல் துணி சுற்றிய பொத்தான்கள் வந்திருந்தன. பொடித் தையல். அவருக்கோ ஊசியில் நூல் கோர்க்கவே வராது.

எவளோ மடியில் போட்டு நிதானமாகத் தைத்திருக்கிறாள்.

யார் அவள்? படித்தவளாக இருப்பாள். அதிர்ந்து பேசாதவளாக இருப்பாள். அலட்டலே இல்லாத இந்த ரசனையை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. எவளாவது மினுக்கியாக இருந்திருந்தால்கூடத் தேவலை, ஒரு கை பார்த்துவிடலாம்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போட்டிருந்த பூப்போட்ட சட்டையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பூங்காவைத் தாண்டி, தபால் நிலையத்தைத் தாண்டி, மரங்கள் மூடிய ஒரு மாடி வீட்டின் முன் நின்றார். மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. சின்ன வயசுப் பெண் ஒருத்தி வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"வாங்க சார், காலையிலேருந்து உங்களையேதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அப்படியானால் இவள் இல்லை. உள்ளே வேறொருத்தி காத்திருக்கிறாள்.

கதவு தாழிடப்படவில்லை. பின்னாலேயே நுழைந்தாள். நீளமான நடை, சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி, மருந்து வாசனை. கடைசி அறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. வீட்டில் ஒருநாளும் கேட்டிராத அளவுக்கு மெதுவான குரல். யாரையோ கொஞ்சிக் கொஞ்சிச் சாப்பிட வைக்கிற குரல்.

கதவில் கை வைக்கப் போனவளை அந்தப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இந்தச் சட்டையோட போகாதீங்கக்கா! பூ, கோடு, பளபளன்னு எதைப் பார்த்தாலும் பூச்சி ஊருதுன்னு கத்துவாங்க. முதல் தடவை சாரையே விரட்டி அடிச்சுட்டாங்க. அப்புறம் நான்தான் அந்தப் பொத்தானைக்கூட மாத்தித் தச்சுக் குடுத்தேன். பெத்த புள்ள இந்த இல்லத்துல சேர்த்துட்டு வெளிநாடு போகும்போது இவர்கிட்ட பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. மாசக்கணக்காச்சு, இவரைத் தவிர வேற யாரும் எட்டிப் பார்க்கலை."

பாதி திறந்த கதவு வழியாக அவள் பார்த்தாள்.

ஜன்னலோரம் ஒரு கிழவி. கணவர் கரண்டியை வாயருகே நீட்ட, மோவாயை நிமிர்த்தி, மகாராணி மாதிரி வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மோவாய் அவளுக்குத் தெரியும்.

'கோமாளிச் சட்டை போடுறவனைக் கட்டிக்கிட்டு இந்த வாசப்படி மிதிக்காதே' என்று கதவை அறைந்து சாத்திய அம்மா.

அம்மாவைப் பற்றி நம் வீட்டில் பேச்சே எடுக்கக்கூடாது என்று அன்றைக்கே கணவரிடம் சத்தியம் வாங்கியவள் அவள்தான்.

அவர் பேச்சு எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

நிழலாடியதும் அவர் திரும்பினார். திருடன் அகப்பட்ட முகம். எழுந்து வந்தார். கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டு, பூக்கள் ஒன்றுகூட வெளியே தெரியாமல் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார்.

அவள் உள்ளே போனாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரியா தம்பி?"

அவர் தலையாட்டினார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பெத்தவ குடுத்து வச்சவம்மா. அவளை அடிக்கடி போய்ப் பார்த்துக்கிறியா?"