அடிபடாத பக்கம்

"இடது பக்கம் பலமா அடி வாங்கியிருக்கு. அந்தப் பக்கத்தை ஒருத்தரும் பார்த்துடக் கூடாது. புரியுதாக்கா?"

ஆஸ்பத்திரிப் பேச்சு மாதிரி இருந்தாலும், பேசியவன் பழைய கார் விற்கும் ஷோரூமின் போட்டோகிராபர். அடி வாங்கியது, கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்த ஒரு சாம்பல் நிறக் கார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ரிசப்ஷனில் இருப்பவள். அவன் மாதத்தில் பாதி நாள் வெளியூர்க் கிளைக்குப் போய்விடுவதால், இங்கே படம் எடுக்க அவளைப் பழக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. அவளைவிடச் சின்னவன்தான், ஆனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

"கிட்டப் போய் எடுத்தா நமக்கு மூக்கு பெருசாத் தெரியும்ல, காருக்கும் அப்படித்தான். தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க. ஹெட்லைட் உசரத்துக்குக் குனிங்க. முன்சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைங்க, வண்டிக்கே ஒரு தோரணை வந்துடும்."

"அடிபட்ட பக்கம்?"

"அதை நிழல்ல விடுங்க. வெளிச்சம் விழுற பக்கத்துக்குத் தக்கபடி கேமராவை வெச்சா, நிழல் பக்கம் தானாக் கறுத்துடும். நாம பொய் சொல்லலைக்கா. காட்டலை, அவ்வளவுதான்." பெருமையாகச் சிரித்தான். "நல்ல வண்டின்னா எவன் வேணா போன்ல எடுத்துப்பான். அடிபட்டது மட்டும்தான் என்கிட்ட வரும்."

அவள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவள் மனசு என்னவோ காரில் இல்லை, வீட்டில் இருக்கும் தங்கையிடம் இருந்தது.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்தவள் இவள்தான். சின்ன வயதில் அடுப்படியில் எண்ணெய் கொட்டி, தங்கையின் இடது கன்னம் கழுத்துவரை வெந்து சுருங்கியிருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்து போனார்கள். எப்படியாவது இவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், அக்காவுக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வலது கன்னத்தில் வெளிச்சம், இடது கன்னம் நிழலில்.

படத்தைப் பார்த்த தங்கைக்கு முகம் வாடியது. "அக்கா, தழும்பே தெரியலையே."

"படத்துல எதுக்குடி? நான் வாயால சொல்லிக்கிறேன்."

"கண்டிப்பா சொல்லிடணும். மறைச்சு மட்டும் என்னை அனுப்பிடாதே. அந்த ஆளு முகத்தைச் சுளிச்சா என்னால தாங்க முடியாதுக்கா."

"சொல்லிடுறேன்டி."

சொல்லவில்லை. படத்தைத் தூரத்து ஊர் வரன் ஒன்றுக்கு அனுப்பினாள். மறுநாளே பிடித்திருப்பதாகப் பதில் வந்தது. கூடவே மாப்பிள்ளையின் படமும் வந்தது. ஒரு கறுப்புக் காரின் திறந்த கதவுக்குப் பின்னால் நின்று, கதவின்மேல் கைகளை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தான். காரின் முன்சக்கரம்கூட அழகாக வெளியே திரும்பியிருந்தது.

"நேர்ல வந்து பார்க்க அவனுக்கு லீவு இல்லைங்க. வீடியோ கால் எல்லாம் எதுக்கு? கல்யாணத்தன்னைக்கே பார்த்துக்கட்டுமே," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. இவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் பெருந்தன்மையான மனிதர்களா என்று போனை வைத்துவிட்டு வியந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுமா என்னை வேணும்னாரு?" தங்கை நம்பமுடியாமல் கேட்டாள்.

"ஆமாண்டி. முகமா முக்கியம், மனசுதான் முக்கியம்னு சொல்லிட்டாரு."

தங்கை அழுது தீர்த்தாள். வீட்டுக்குள்கூடக் கன்னத்தை மூடியே சுற்றியிருக்கும் துப்பட்டாவை அன்றைக்குக் கழற்றி வைத்தவள், அப்புறம் தொடவே இல்லை. அதைப் பார்த்தபோது மட்டும் அக்காவுக்கு நெஞ்சில் முள் தைத்தது. கல்யாணம் முடிந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அலங்காரம் செய்கிறவளிடம் கன்னத்தில் தாராளமாகப் பூசச் சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தங்கையைச் சித்தப்பா சித்தியோடு ரயிலேற்றிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கையாட்டிய தங்கை, மூடாத முகத்தோடு சிரித்துக்கொண்டே போனாள்.

மாலை ரயிலில் இவள் கிளம்ப வேண்டும். அதற்குமுன் கேமராவை ஒப்படைக்க இனிப்புப் பெட்டியோடு ஷோரூமுக்கு வந்தாள். போட்டோகிராபர் அன்றைக்குத்தான் கிளையிலிருந்து திரும்பியிருந்தான்.

"உன்னாலதாம்பா என் தங்கச்சிக்கு விடிஞ்சுது," என்றாள். அதற்குமேல் விவரம் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை எந்த ஊருக்கா?"

சொன்னாள்.

"அட, நம்ம கிளை இருக்கிற ஊரு! ஆளைக் காட்டுங்க பார்ப்போம்."

போனில் படத்தை எடுத்துப் பெருமையாக நீட்டினாள். ஒரு இனிப்பை எடுத்து வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னப்பா, ராஜா மாதிரி இல்லை?"

அவன் இனிப்பைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தான்.

"அக்கா... இது நான் எடுத்த படம்."