தொண்ணூற்றிரண்டாவது அடி

"சைக்கிள் கடைக்காரர் மறுபடியும் கையத் தூக்கிட்டாரு பெனிட்டா மேடம்" என்று அழகு என் காதைக் கடித்தார். அழகு எனக்கு அளவு டேப் பிடிக்க வருபவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரைக்குடியில் தண்டவாளத்துக்கு மேலே, நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பாலம். வரைபடம் போட்டது நான். வெள்ளிக்கிழமைக்குள் ஊர்ச் சம்மதத்தோடு அனுப்பாவிட்டால் பாலம் வேறு ஊருக்குப் போய்விடும். இன்று ஊர் மண்டபத்தில் மூன்றாவது கூட்டம்; முதல் இரண்டையும் கெடுத்தவர் இந்தச் சைக்கிள் கடைச் சேவுகப்பெருமாள்தான்.

"சொல்லுங்க, இன்னைக்கு என்ன?"

"அதேதான் தாயி. பாலத்துல ஏறுற சாய்வு சரியில்ல. ஒரு அடி ஏற எட்டடி நீளம் வச்சிருக்கீக. பன்னெண்டு அடி வேணும்."

"எத்தனை தடவைங்க சொல்றது? சைக்கிளைத் தாராளமா தள்ளிக்கிட்டு ஏறலாம்."

"வெறுஞ் சைக்கிளைத் தள்ளலாம்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். "யோவ், பாலம் வந்தா ஒம் பொழப்பு போயிரும். அதச் சொல்லு!"

ஊர் எனக்குப் புதுசு. அழகுதான் விளக்கினார். இங்கே ரயில்வே கேட் கிடையாது. சைக்கிளைத் தூக்கித்தான் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். ஜல்லியில் டயர் கிழியும், ரிம் வளையும். தாண்டி இறங்குகிற இடத்திலேயே இவர் கடை.

"ஒரு நாளைக்கு எட்டு பஞ்சராவது தேறும் மேடம். விடுவாரா?"

அட, இதுதானா சங்கதி! ஆளைப் பார்த்தால் என்னமோ பரம சாது.

சேவுகப்பெருமாள் எழுந்து முன்னே வந்தார். மண்டப மேடையில் ஒரு நீளப் பலகையைச் சாய்த்தார். கருப்பியின் சைக்கிளை உருட்டி வந்து நிறுத்தினார். கருப்பி வீடு வீடாக இட்லி மாவு விற்பவர். சைக்கிளில் நான்கு டிரம், நிறைய மாவு.

"மேடை ரெண்டடி. பலகை பதினாறு அடி. உங்க கணக்குத்தான். தள்ளுங்க தாயி."

விடுவேனா? மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி ஏற்றிவிட்டேன். கூட்டம் கை தட்டியது.

"இது ரெண்டடிதான். பாலம் இருபத்திமூணு அடி. இன்னும் பத்துத் தடவைக்கு மேல ஏறணும்."

மூன்றாவது தடவையில் கால் வழுக்கியது. அழகு பிடிக்காவிட்டால் சைக்கிள் என் மேல் விழுந்திருக்கும். ஒரு டிரம் திறந்து சுடிதாரெல்லாம் மாவு. எல்லோரும் சிரித்தார்கள். கருப்பி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏற முடியலேன்னா நான் எப்பயும் போல தண்டவாளத்துலயே தாண்டிக்கிறேன் மேடம். என்னிக்காவது ரயில் வந்தா வந்துட்டுப் போகுது" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, பன்னெண்டே வைக்கிறேன்" என்றேன் எரிச்சலோடு. "இன்னும் தொண்ணூத்திரெண்டு அடி போகணும். தெக்குத் தெருவுல யார் வீடாவது இடியும். அவங்க கோர்ட்டுக்குப் போனா பாலம் பத்து வருஷம் தூங்கும். அதுக்குப் பயந்துதான் எட்டுல நிறுத்தினோம்."

"கோர்ட்டுக்கெல்லாம் போக மாட்டாக."

"அடுத்தவன் வீட்டை இடிக்கிறதுன்னா எவ்வளவு சுலபமா இருக்கு உங்களுக்கு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு தடவை அளந்து பாத்துட்டு வாங்க தாயி. நான் இங்கனயே இருக்கேன்."

மாவுச் சுடிதாரோடு போனேன். என் பாலம் முடிகிற இடத்தில் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். மறு நுனியோடு அழகு தெருவில் நடந்தார். ஒரு வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அழகு, எவ்வளவு?"

"எண்பது மேடம்."

"மிச்சம் பன்னெண்டு?"

அவர் வீட்டைக் காட்டினார்.

டேப் நுனியை ஒரு கல்லால் அழுத்தி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். புது வீடு. புதுமனை புகுவிழாவுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார்.

"அளக்க வந்தீகளா? உள்ள வாங்க."

வருவோம் என்று தெரிந்ததுபோல் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழகு டேப்பை நீட்டிக்கொண்டே கூடத்துக்குள் போனார்.

பளபளவென்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதன் குறுக்கே, சுவருக்குச் சுவர், கோலமாவில் நேராக ஒரு வெள்ளைக் கோடு.

டேப் அந்தக் கோட்டைத் தொட்டது. குனிந்து பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. ஒரு அங்குலம் கூடவில்லை, குறையவில்லை.

"யாரும்மா போட்டது இந்தக் கோடு?"

"நாந்தேன். மொதக் கூட்டத்துக்கு முந்துன நாள் உங்க வரைபடத்த ஒட்டுனாகள்ல, அன்னைக்கே நானும் எங்க வீட்டுக்காரரும் கயிறு புடிச்சு அளந்துட்டோம்."

"அவர் எங்க?"

"உங்க கூட்டத்துலதான் இருக்காக. சைக்கிள் கடை வச்சிருக்காகள்ல, அவுகதேன். எம் பேரு செந்தாமரை; செந்தாமரை வீட்டுக்காரருன்னா எல்லாருக்கும் தெரியும்."

கடையும் போகும், வீடும் போகும். இந்த மனுஷரையா அப்படிக் கேட்டேன்!

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"எங்க வீடுன்னு தெரிஞ்சா ஊரே எரக்கப்பட்டு, எட்டே போதும்னு சொல்லிப்புடும். அப்பறம் கருப்பி எப்புடி ஏறுவா?"

அழகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கூட்டம் நடந்து இரண்டு மாதமாகிறது.

"ரெண்டு மாசமாவா இந்தக் கோலமாவு அழியாம இருக்கு?"

"அழியாம எப்புடி இருக்கும்? தினம் கூட்டிப்புட்டு மறுபடி போடுறேன் தாயி. பழகிக்கிறணும்ல?"