நீர்மாலைக்குத் தண்ணீர்

ஊருக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் நீண்டு ஊற்று நீர் கெட்டபோது எல்லாக் கிணறுகளிலும் கருவி பொருத்தினார்கள். தண்ணீர் யாருக்கு என்று அது கேட்கும். அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றால்தான் குழாய் திறக்கும்.

கொம்பையா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் கெட்டுப் படுத்தபின் தினமும் மகன் பலவேசத்திடம், "நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடுல" என்பார். பலவேசம் போய்க் கேட்பான். கிணறு தராது. தன் பெயரைச் சொல்லி வாங்கிக் கொடுத்தால் அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

அவர் இறந்த அன்று, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் பங்காளிகளோடு குடம் ஏந்தி வந்தான். சங்கு ஊதி ஓய்ந்தது.

"தண்ணீர் யாருக்கு?" என்றது கிணறு.

பழக்கத்தில், "அப்பாவுக்கு" என்றான்.

"இந்தத் தண்ணீர் அவருக்கு ஆகாது."

பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காலையிலிருந்து வாயில் வராத வார்த்தையை அவன் இந்தக் கிணற்றிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பா செத்துட்டாரு."

"இனி தடையில்லை." குழாய் கொட்டியது.

குளிப்பாட்டும்போது அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி அவர் உதட்டை நனைத்தாள்.

"குடிங்க. இப்பதான் அதுக்கு மனசு வந்திருக்கு."