இருநூற்று ஐம்பத்தாறு ஜிபி தாராளம்

“இந்தா ஏஞ்சலின், இது ஒனக்குத்தான்” என்று பீல்ட் ஆபிசர் ரெஜினோல்ட் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டியதும், தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் கூடையை இறக்கவே மறந்துபோனார்கள். அவர் வாயிலிருந்து ஏச்சு வந்து பார்த்திருக்கிறார்கள். கையிலிருந்து எதுவும் வந்து பார்த்ததில்லை.

“என்னங்க ஐயா இது?”

“மெமரி கார்டு. இருநூத்தி அம்பத்தாறு ஜிபி. ஒன் போன்ல இருக்கிறது எட்டு ஜிபிதானே? அத எங்கிட்ட குடுத்திட்டு இத வச்சுக்க. எங்க வீட்டு ரேடியோவுக்கு அந்தச் சின்னது போதும்.”

பக்கத்தில் நின்ற லூர்தம்மா ஏஞ்சலினின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். புருஷன்காரன் குவைத்தில் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் இந்தக் கரிசனம் என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம்.

பாவம் லூர்தம்மா, அவள் நினைத்தது தப்பு. ரெஜினோல்டின் கவலையே வேறு.

போன செவ்வாய்க்கிழமை, மாதா கோயில் திருநாளுக்குப் பாடவேண்டிய பாட்டை ஏஞ்சலின் இதே மடுவத்தில் நின்று போனில் பதிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரெஜினோல்ட், தோட்டத்து மானேஜரான துரை மாதிரியே தொப்பியைச் சரித்துக்கொண்டு, துரையின் குரலிலேயே, அதுவும் சிங்களத்திலேயே பேசிக் காட்டினார். துரைக்குக் கொழுந்துக்கும் மானாப்புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, மாமனார் தயவில் வந்த உத்தியோகம், நான் நீட்டுகிற கடதாசியில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆள் என்று வெளுத்து வாங்கினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கச் சொல்லித் துரை கம்பெனிக்குக் கடிதம் எழுதப்போவதோ அடுத்த கிழமை. அந்தப் பதிவு துரையின் காதுக்குப் போனால் உயர்வு கிடக்கட்டும், இருக்கிற வேலையும் போய்விடும்.

அதே பேச்சுக்கு நடுவில் அந்தப் பெண்களை மாடுகள் என்றும் சொல்லியிருந்தார். அது அவருக்கு ஞாபகத்துக்கு வரக்கூட இல்லை. தினமும் சொல்வதுதானே, இதுவரை யார் கேட்டார்கள்?

“பழசில எங்க வீட்டுக்காரரு பேசி அனுப்பினதெல்லாம் இருக்குங்க ஐயா” என்று இழுத்தாள் ஏஞ்சலின். “அத எப்பிடிக் குடுக்கிறது?”

“அத நீயே வச்சுக்க. ஞாயித்துக்கிழம கஹவத்தை டவுனுக்குப் போய் ஜஸீலோட போன் கடையில குடு, பழசில இருக்கிறத எல்லாம் புதுசுக்கு ஏத்திக் குடுப்பாரு. காசு நான் பாத்துக்கிறேன். போன் எதுக்கு? கார்டு ரெண்ட மட்டும் கொண்டு போ.”

சூட்சுமமே அங்கேதான் இருந்தது. போன மாதம் துரைக்குப் புதுப் போன் வாங்கிவரப் போனபோது ஜஸீல் அவருக்கு ஒரு பாடமே நடத்தியிருந்தான். இந்த மாதிரிப் போனில் எவ்வளவு பெரிய கார்டும் போடலாம், பட்டன் போன் என்றால் முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் திரும்பியும் பார்க்காது என்று.

ஏஞ்சலினிடம் இருந்தது பட்டன் போன். புதுக் கார்டில் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும், அவளால் அதைத் திறக்கவே முடியாது. அதற்காகத்தான் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ரெஜினோல்ட் கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டாகப் பார்த்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் கஹவத்தைக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றார். ஜஸீல் கடையிலிருந்து வந்த ஏஞ்சலினிடம் பழைய கார்டைக் கையோடு வாங்கிக்கொண்டார். அவள் பஸ் போனதும் அதை இரண்டாக உடைத்து, இரண்டை நான்காக்கிச் சாக்கடைக் கானில் போட்டுவிட்டு, ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும் சாப்பிட்டார். அந்தக் கிழமையில் அவருக்கு ருசித்துச் சாப்பிட முடிந்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் துரை உடனே வரச் சொன்னார் என்று ஆபிஸிலிருந்து ஆள் வந்தது. கடிதம் தயாராகிவிட்டது என்று ரெஜினோல்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையைச் சீவி, சட்டைக் கைகளை இறக்கி விட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆபிஸ் வாசலில் ஏஞ்சலின் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“இங்க என்ன வேல ஒனக்கு? மலைக்குப் போகலியா?”

“நீங்க குடுத்த கார்டு என் போன்ல வேலையே செய்யலைங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு கொரலெல்லாம் உள்ளுக்கே மாட்டிக்கிச்சு.”

ரெஜினோல்ட் மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். “பெரிய கார்டுன்னா பெரிய போன் வேணுமே ஏஞ்சலின். என்னைக்காவது ஒரு நாளைக்கு வாங்காமலா போயிருவ? அதுவரைக்கும் பத்திரமா பெட்டியில வச்சிரு.”

“ஜஸீலண்ணன்கிட்ட கேட்டேங்க. துரை வாங்கின மாதிரி போன்லதான் அது வேல செய்யுமாம்” என்றாள் ஏஞ்சலின், வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே. இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“துரை என் பாட்ட ஒருக்கா கேட்டாரு, ஒங்க பேச்ச மூணு தரம் கேட்டாருங்க.”